சாவி நல்லுறவுத் துறை

கரண்டக்காவின் கார்ச் சாவி தொலையவில்லை. அது எங்கே இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். எல்லா வம்பும் அதனால்தான் வந்தது. தொலைத்திருந்தால் பிழைத்திருப்பாள்.

புதிதாக எழும் கட்டடங்களுக்கு வயரிங் செய்து கொடுப்பது அவள் தொழில். கொத்தனாரிலிருந்து என்ஜினியர்வரை எல்லோரும் கரண்டக்கா, கரண்டக்கா என்றே கூப்பிட்டுப் பழகியதில், யாராவது சொந்தப் பெயரைக் கேட்டால் அவளே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வாள். அன்றைக்கு ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் லிஃப்ட் சுவருக்குக் கான்கிரீட் கொட்டிக்கொண்டிருந்தார்கள். தான் பதித்த குழாயின் வாய் அடைபடுகிறதா என்று அவள் பலகைகளுக்கு மேலாகக் குனிந்து எட்டிப் பார்த்தாள். சட்டைப் பையிலிருந்து சாவி நழுவியது. கம்பியில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சாம்பல் குழம்புக்குள் போனது. மேஸ்திரி கையைத் தூக்கி வேலையை நிறுத்துவதற்குள் அதன்மேல் அடுத்த கூடைக் கலவையும் விழுந்துவிட்டது. கொக்கிக் கம்பியை விட்டு வெகுநேரம் துழாவினார்கள். கலவை இறுகத் தொடங்கியதும், கம்பியையாவது காப்பாற்றுவோம் என்று உருவிக்கொண்டார்கள்.

அது வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான வண்டி. பந்தாவுக்காக அவள் அதை வாங்கவில்லை. அவள் கைக்கு வந்தபோதே அதை இரண்டு பேர் ஓட்டி முடித்திருந்தார்கள். பின்கதவு அப்படியே கீழே மடிந்து சாய்வுப் பலகையாகிவிடும். சக்கர நாற்காலியை ஆளோடு உள்ளே உருட்டிவிடலாம். அந்த வசதிக்காகத்தான் வாங்கினாள். மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்திருந்தது. சாதாரணக் காரில் ஏற்ற இரண்டு பேர் அவரைத் தூக்க வேண்டும். ஒருமுறை அப்படித் தூக்கியதில் இடுப்பு பிசகி, அந்த வலி பக்கவாதத்தையே மறக்கடித்தது. வண்டி வந்த பிறகு சிகிச்சை நிலையத்துக்கு விடாமல் போய்வந்ததில் வலது கை விரல்கள் ஸ்பூனைப் பிடிக்கும் அளவுக்குத் தேறியிருந்தன. நடுவில் விட்டால் மறுபடி இறுகிப்போகும் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். கரண்டக்காவின் கணவர் கப்பலில் சமையல்காரர். அப்போது நடுக்கடலில் யாருக்கோ வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். வண்டியை விற்றவர் கொடுத்தது ஒரே ஒரு சாவி.

முதலில் அவள் தெருமுனைப் பூட்டுக்கடைக்காரரைத்தான் கூட்டிவந்தாள். அவர் துவாரத்தைப் பார்த்து ஓர் இரும்புச் சாவி வெட்டிக் கதவுகளைத் திறந்துகொடுத்தார். இஞ்சினுக்கு அது போதாது, சாவிக்குள் ஒரு சிப் இருந்து வண்டிக்கு ரகசிய எண் சொல்ல வேண்டும், அந்த எண்ணைக் கம்பெனி தன்னைப் போன்றவர்களுக்குத் தராது என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே அவள் கம்பெனிக்குப் போனாள்.

அதை ஒர்க்‌ஷாப் என்று சொல்லக் கூடாது. வாகன இல்லம் என்று சொல்ல வேண்டும். வாசலில் செருப்புக்கு மேல் துணியுறை மாட்டிவிட்டார்கள். உள்ளே மல்லிகையும் டயரும் கலந்த வாசனை. யாரும் குரலை உயர்த்திப் பேசவில்லை. ஒரு வண்டி விற்றுவிட்டால் மணி அடிப்பார்கள். மணி அடித்ததும் எந்த ஊழியரானாலும், எங்கே இருந்தாலும் கைதட்ட வேண்டும். அவள் போன நேரத்தில் மணி அடித்தது. தூக்கி நிறுத்திய ஒரு காருக்கு அடியிலிருந்து, ஸ்பேனர் பிடித்த இரண்டு கைகள் மட்டும் வெளியே வந்து தட்டிவிட்டு உள்ளே போயின.

வரவேற்பில் இருந்த பெண்ணிடம் சாவி என்று சொன்னதும் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அந்த விஷயத்தைப் பொது இடத்தில் பேசுவதில்லை என்று, பின்னால் இருந்த கண்ணாடி அறைக்கு அழைத்துப்போனாள். கதவில் ‘சாவி நல்லுறவுத் துறை’ என்று எழுதியிருந்தது. உள்ளே இருந்த அதிகாரியின் டையில் சாவி வடிவத்தில் ஊசி குத்தியிருந்தது. அவர் எழுந்து நின்று, அவளுடைய இழப்புக்குத் தம் இல்லத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்து, கண்ணீர் துடைக்கக் காகிதம் கொடுத்தார். அவள் அதில் கையிலிருந்த சிமென்டைத் துடைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னாள்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

“அப்போ சாவி தொலையல, மேடம்.”

“இல்ல சார். சுவருக்குள்ள இருக்கு.”

“இருக்குல்ல? இருக்கிற சாவிக்கு நாங்க எப்படி இன்னொண்ணு குடுக்க முடியும்?”

எடுக்க முடியாது, சுவரை உடைத்தால் லிஃப்ட் நிற்காது என்று அவள் விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். இல்லத்தின் விதிப்படி ஒரு சாவி கையில் இருக்கலாம், தொலைந்திருக்கலாம், திருடு போயிருக்கலாம். அதற்கு வேறு கதி கிடையாது. அவளுடைய சாவி தொலையவுமில்லை, திருடு போகவுமில்லை. ஆகவே யாருடைய கையிலோ இருக்கிறது. சுவர் யாருடையது என்று கேட்டார். கட்டடக்காரருடையது என்றாள். அப்படியானால் சாவி கட்டடக்காரர் வசம் இருக்கிறது, நாளைக்கு அவர் வந்து வண்டியைக் கேட்டால் இல்லம் என்ன பதில் சொல்லும் என்று அவர் உண்மையாகவே கவலைப்பட்டார்.

“தொலைஞ்சு போச்சுன்னு சொல்லியிருந்தா?” என்று அவள் கேட்டாள்.

“அந்த நிமிஷமே எழுதிக் குடுத்திருப்பேன். நீங்கதான் உண்மையைச் சொல்லிட்டீங்களே. உங்க மாதிரி நேர்மையான வாடிக்கையாளர்தான் மேடம் எங்க சொத்து.”

அவள் சொல்வது உண்மைதானா என்று நேரில் பார்க்க அதிகாரியே கட்டடத்துக்கு வந்தார். வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். தலைமுடி கலையும் என்று ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டே படியேறினார். லிஃப்ட் சுவரில் ஒரு கருவியை வைத்து மேலும் கீழும் நகர்த்தினார். ஓரிடத்தில் அது பச்சையாக மினுங்கியது. அவர் முகமும் சேர்ந்து மினுங்கியது.

“உயிரோட இருக்கு,” என்றார்.

மேஸ்திரியும் ஆட்களும் சுற்றி நின்று பார்த்தார்கள். அதிகாரி சுவரைத் தடவிக் கொடுத்தார். மழை படாமல், தூசி படாமல், திருடன் கை படாமல் ஒரு சாவியை இவ்வளவு பத்திரமாக வைத்த வாடிக்கையாளரைத் தம் பணிக்காலத்தில் பார்த்ததில்லை என்று பாராட்டினார். இல்லத்தின் மாத இதழுக்காகச் சுவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். பிறகு தம் முடிவைச் சொன்னார். சாவி வேலை செய்கிறது. அந்தச் சுவருக்குக் கை எட்டும் தூரத்தில் நிறுத்தினால் வண்டி தாராளமாகக் கிளம்பும்.

வண்டி எப்படி இரண்டாவது மாடிக்கு வரும் என்று மேஸ்திரி கேட்டார். அவர் கேலி செய்யவில்லை. ஏதாவது வழி இருக்குமோ என்றுதான் கேட்டார். அது கட்டடம் சம்பந்தப்பட்ட கேள்வி, தம் துறையில் வராது என்று அதிகாரி சொல்லிவிட்டு, படியிறங்கும்போது கையுறையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

‘சாவி நலமாக உள்ளது’ என்று சில நாளில் இல்லத்திலிருந்து தகவல் வந்தது.

மாமியார் நலமாக இல்லை. சாப்பிடும்போது ஸ்பூன் கையிலிருந்து நழுவி விழுந்தது. அவர் அதை இடக்கைக்கு மாற்றிக்கொண்டார். கரண்டக்கா அதைப் பார்க்காதது போல எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள்.

மாமியார் ஒரு காலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். யாரோடும் யாரையும் இணைத்துவிட முடியும் என்று இப்போதும் நம்புகிறவர். தானே பேசிப் பார்ப்பதாக இல்லத்துக்குப் போன் போட்டார். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு குரல் சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டது. மாமியார் போனை மேசைமேல் வைத்துவிட்டுக் காத்திருந்தார். கரண்டக்கா வேலைக்குப் போய்த் திரும்பி வந்தபோதும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

“நாங்க வேலை பாக்கறப்ப லைன் கிடைக்கலன்னா கிடைக்கலன்னு சொல்லுவோம்மா. இவனுங்க லைன் கிடைச்ச பிறகு பாடறானுங்க,” என்றார் மாமியார்.

கரண்டக்கா நடையாய் நடந்தாள். கடைசியில் இல்லம் மனம் இரங்கியது. சாவியைக் கண்ட இடத்தில் வைத்த குற்றத்துக்காக அவள் சாவிப் பராமரிப்பு வகுப்பில் உட்கார்ந்து தேறினால், கருணை அடிப்படையில் புதுச் சாவி தரலாம் என்றார்கள்.

வகுப்பில் அவளைத் தவிர, சாவிமேல் உட்கார்ந்து உடைத்த ஒரு வக்கீலும், நாய் சாவியை விழுங்கிவிட்ட ஓர் அம்மாளும் இருந்தார்கள். நாயும் வந்திருந்தது. பாடம் நடத்தியவர் அதே அதிகாரிதான். சாவி ஒரு பொருள் அல்ல, அது ஓர் உறவு என்று தொடங்கினார். பெரியவர்கள் எல்லோரும் வரிசையில் நின்று, மரத்தால் செய்த சாவியை ஒவ்வொருவராகக் கொக்கியில் மாட்டி, “நான் மாட்டினேன், மாட்டியது எனக்குத் தெரியும்” என்று உரக்கச் சொல்ல வேண்டும். வக்கீல் வேண்டாவெறுப்பாகச் சொன்னார். கரண்டக்காவும் சொன்னாள். மாமியாரின் விரல்களை நினைத்துக்கொண்டு சொன்னாள். கடைசியில், ஏதாவது சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றார் அதிகாரி.

“வண்டி விக்கிறப்பவே ரெண்டு சாவியா குடுத்துட்டா என்ன சார்?” என்று அவள் கேட்டாள்.

அதிகாரி சிரித்தார். சின்னப் பிள்ளை கேட்ட கேள்விக்குச் சிரிப்பது போல. “ரெண்டு இருந்தா, ஒண்ணு தொலையறப்போ நீங்க எங்ககிட்ட வரவே மாட்டீங்களே மேடம். அப்புறம் உறவு எப்படி வளரும்?”

வக்கீல் தலையைத் தூக்கிப் பார்த்தார். நாய் கொட்டாவி விட்டது.

அவள் தேறிவிட்டாள். ஆனால் மனப்போக்கு சரியில்லை என்று குறித்துக்கொண்டார்கள். இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி என்றார் அதிகாரி. புதுச் சாவியும் வண்டியும் முதன்முதலில் சந்திப்பது இல்லத்துக்குள்தான் நடக்க வேண்டும். வண்டியைக் கொண்டுவர வேண்டும்.

சாவி இல்லாமல் எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டாள். அதற்குத்தான் இல்லத்தின் சொந்தத் தூக்கு லாரி இருக்கிறது, வெளி லாரியை உள்ளே விடுவதில்லை என்றார். அப்படியானால் அந்த லாரியை அனுப்பச் சொன்னாள். அனுப்பலாம், ஆனால் வண்டியை ஏற்றும்போது லாரி டிரைவரிடம் வண்டியின் சாவியை ஒப்படைக்க வேண்டும் என்றார். அவள் இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். அவர் ஒரு சொல் மாறாமல் இன்னொரு தரம் சொன்னார். அதில் என்ன கோளாறு இருக்கிறது என்று அவர் முகத்தில் தேடினாள். ஒன்றும் இல்லை. அவர் நிம்மதியாக இருந்தார்.

அதுவரை பயந்து பயந்து பேசிய கரண்டக்காவுக்கு அந்த முகத்தைப் பார்த்ததும் ஏதோ ஃபியூஸ் போனது போல உள்ளே எல்லாம் அமைதியாகிவிட்டது. நன்றி சொல்லிவிட்டு, துணியுறையைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னாள்.

மாமியார் கேட்டு முடித்தார். “வண்டியைத்தானே கேட்டான்? கொண்டுபோய்க் குடுத்துடுவோம். நானும் வர்றேன்.”

“நீங்க எதுக்கு அத்தை?”

“ஆள் இல்லாத வண்டியை இழுத்து ஓரமாப் போட்டுருவான். ஆள் உள்ள இருந்தா என்ன பண்ணுவான்?”

மேஸ்திரியிடம் லிஃப்ட் இயந்திரத்தை உருட்டிப்போகும் சக்கரப் பலகைகள் இருந்தன. விடுமுறை நாளில் ஆட்களோடு அவற்றைக் கொண்டுவந்தார். இஞ்சின் கிளம்பாமல் சக்கரங்களின் பூட்டு விடாது என்பதால் ஜாக்கி வைத்துத் தூக்கி, வண்டியின் நான்கு சக்கரங்களுக்கும் அடியில் பலகையைக் கொடுத்தார்கள். பூட்டுக்கடைக்காரர் வெட்டிய சாவியால் பின்கதவைத் திறந்து மாமியாரை உருட்டி உள்ளே ஏற்றினார்கள். பிறகு எல்லோருமாகத் தள்ளினார்கள். சக்கரம் சுற்றாமலே வண்டி தெருவில் மிதந்து போனது. பேருந்துகள் ஒதுங்கி வழிவிட்டன. வண்டிக்கு என்ன ஆச்சு என்று வழியில் கேட்டவர்களுக்கெல்லாம் மாமியார் ஜன்னல் வழியாக ஒரே பதில் சொன்னார்.

“ஒண்ணும் இல்ல. சாவி வாங்கப் போகுது.”

இல்லத்தில் அன்றைக்கு விழா. புது வண்டி வாங்கியவர்களுக்கு ஒன்றாகச் சாவி வழங்கும் நாள். ஆள் உயரத் தங்க நிற அட்டைச் சாவியோடு தலைமை மேலாளர் மேடையில் நின்றிருந்தார். புது வண்டிகள் ரிப்பன் கட்டி உள்ளே வரிசையாக நின்றன. அவை தெருவுக்கு இறங்க ஒரே ஒரு சரிவுப் பாதைதான். அந்தப் பாதையின் வாயில் கரண்டக்காவின் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, ஜாக்கி வைத்துத் தூக்கி, பலகைகளை உருவிக்கொண்டார்கள். வண்டி பொத்தென்று உட்கார்ந்தது. பலகைகள் காலையில் வேலைக்கு வேண்டும் என்று மேஸ்திரி ஓர் ஆளிடம் அப்போதே கொடுத்தனுப்பிவிட்டார்.

காவலாளி ஓடிவந்து வண்டியை எடுக்கச் சொன்னார். சாவியைக் கொடுத்தால் எடுத்துவிடுவதாக அவள் சொன்னாள். அவர் போய் அதிகாரியைக் கூட்டிவந்தார். அதிகாரி மூச்சுவாங்க, முன்பதிவு இல்லாமல் வரக் கூடாது என்றார்.

“கொண்டு வரச் சொன்னீங்க. கொண்டு வந்துட்டேன்,” என்றாள்.

தூக்கு லாரியை வரவழைத்தார்கள். டிரைவர் இறங்கி, வழக்கம்போல அவளிடம் கையை நீட்டிச் சாவி கேட்டார். பிறகு ஜன்னல் வழியாக மாமியாரைப் பார்த்து வணக்கம் வைத்துவிட்டு, ஆள் இருக்கும் வண்டியைத் தூக்குவதில்லை என்று லாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே தலைமை மேலாளருக்கு இது எதுவும் தெரியாது. அவர் குரல் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தது. “வண்டியை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். நாங்கள் தருவது சாவி. சாவி யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் வண்டி இருக்கிறது. அந்தச் சாவி எங்களிடமிருந்து மட்டுமே வரும். இன்று முதல் நீங்கள் உங்கள் வண்டிக்குச் சொந்தக்காரர்கள். இன்று முதல் நாங்கள் உங்களுக்குச் சொந்தக்காரர்கள்.”

மணி அடித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். புது வண்டிகள் ஒவ்வொன்றாக உறுமிக் கிளம்பின. முதல் வண்டியில் மனைவி, மைத்துனி, மாமனார் என்று குடும்பத்தையே அடைத்துக்கொண்டு வந்த ஒரு தடித்த மனிதர் சரிவில் இறங்கப் பார்த்து, நின்று, ஹாரன் அடித்தார். பின்னால் இருந்தவர்களும் அடித்தார்கள். அவர் இறங்கிவந்து, வழியில் ஏன் நிற்கிறீர்கள் என்று மாமியாரிடம் சண்டைக்குப் போனார்.

மாமியார் சண்டை போடவில்லை. எக்ஸ்சேஞ்சில் எத்தனையோ கோபக்காரர்களை லைனில் பிடித்துவைத்த அதே குரலில் சுவரிலிருந்து தொடங்கி மரச் சாவிவரை ஒன்றுவிடாமல் சொன்னார். அந்த மனிதர் ஆரம்பத்தில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. அதற்குள் மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்திருந்த தலைமை மேலாளரைப் பார்த்துத் திரும்பினார்.

“எனக்கு எத்தனை சாவி சார் குடுத்தீங்க?”

“ஒண்ணுதான் சார். உயர்தரமான ஒண்ணு.”

ஹாரன் சத்தம் மெல்ல மெல்ல நின்றது.

தலைமை மேலாளர் கரண்டக்காவை மேலே தம் அறைக்கு வந்து பேசலாம் என்று அழைத்தார். வண்டியை விட்டு வர முடியாது என்றாள். அவர் மாமியாரிடம் குனிந்து, வெயிலாக இருக்கிறது, உள்ளே வந்து சௌகரியமாக உட்காருங்கள் என்றார்.

“எனக்கு நாற்காலி இருக்கு தம்பி. நாங்க கையோடயே கொண்டு வந்துட்டோம்,” என்றார் மாமியார்.

தலைமை மேலாளர் அதிகாரியைப் பார்த்த பார்வையில் அதிகாரியின் டை ஊசி கோணிக்கொண்டது. இத்தனை நாள் நடக்காதது, தொண்டையைச் செருமிக்கொள்ளும் நேரத்தில் நடந்தது. உள்ளே எங்கேயோ ஓர் இயந்திரம் கொஞ்சம் ஓடி நின்றது. எண்ணெய்க் கையோடு ஒரு மெக்கானிக் புதுச் சாவியைக் கொண்டுவந்து, வண்டிக்குள் ஒரு கருவியைச் சொருகி, ஒரு பட்டனை அழுத்தினார். அவ்வளவுதான். வாசலில், எல்லோர் கண் முன்னால், எந்தச் சடங்கும் இல்லாமல் சாவியும் வண்டியும் சந்தித்துக்கொண்டன. அதிகாரி பார்க்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கரண்டக்கா ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். இஞ்சின் கிளம்பியது. யாரோ பழக்கதோஷத்தில் மணியை அடித்தார்கள். ஊழியர்கள் கைதட்டினார்கள். தலைமை மேலாளர் அட்டைச் சாவியைத் தாமே தூக்கிக்கொண்டு படக்காரரோடு வந்து, இதைப் பிடித்தபடி ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

அவள் இஞ்சினை அணைத்தாள். கீழே இறங்கி, சாவியை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

“இதே மாதிரி இன்னொண்ணு.”

ஒரு வண்டிக்கு ஒரு சாவி என்பது இல்லத்தின் அடிப்படைக் கொள்கை என்று அதிகாரி ஆரம்பித்தார்.

“இது தொலைஞ்சா நான் மறுபடியும் இங்க வரமாட்டேன் சார். அதுக்குத்தான் கேக்கறேன்,” என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

கொள்கையை மாற்ற மேலிடத்தைக் கேட்க வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும் என்றார் தலைமை மேலாளர். கேளுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். மேஸ்திரியும் ஆட்களும் சரிவின் ஓரத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்தார்கள். பின்னால் சக்கர நாற்காலியில் மாமியார் இடக்கையால் வலக்கை விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாக விரிக்கவும் மடக்கவும் தொடங்கினார்.

தடித்த மனிதர் தம் கையிலிருந்த ஒற்றைச் சாவியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு தம் வண்டியில் போய் உட்கார்ந்து இஞ்சினை அணைத்தார். அவருக்குப் பின்னால் நின்ற வண்டியும் அணைந்தது. அதற்குப் பின்னால் நின்றதும். சரிவில் சத்தம் வரிசையாக அடங்கிக்கொண்டே போய், கடைசி வண்டியும் ஓய்ந்தபோது, ரிப்பன்கள் காற்றில் படபடப்பதுகூடக் கேட்டது.

 தலைமை மேலாளர் மேலிடத்துக்குப் போன் போட்டார். அங்கே பாட்டுப் போட்டார்கள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு போனை வைத்துவிட்டு மெக்கானிக்கைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

உள்ளே இயந்திரம் ஓடத் தொடங்கியது. இந்த முறை அது சீக்கிரம் நிற்கவில்லை. கரண்டக்கா இரண்டாவது சாவியையும் வாங்கிக்கொண்டு சிகிச்சை நிலையத்தை நோக்கி வண்டியைத் திருப்பிய பிறகும், வரிசையில் அடுத்தவருக்காக அது ஓடிக்கொண்டிருந்த சத்தம் தெரு முனைவரை கேட்டது.